கார்புரேட்டருக்கு ரோஷம் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை, பிரேக் ஒயர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சேக்காட்டுக்குப் போன என் வீட்டுக்காரர் மாற்றாமலே திரும்பி வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "பாய் கடை மூடியிருக்கு. மனுஷன் போயிட்டாராம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "நல்ல மனுஷன். கார்புரேட்டர் மட்டும்தான் அவருக்கு வராது" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் நம் காலனி மலரில் இதை எழுதுகிறேன். இங்கே மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மஸ்தான் பாயிடம் வண்டி விட்டவர்கள். செயின், பிரேக், கிளட்ச் என்றால் பாய். கார்புரேட்டர் என்றால் மட்டும் அவர் கடையைத் தாண்டி அம்பத்தூர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். அந்தப் பேச்சு கிளம்பியது எங்கள் வீட்டிலிருந்து. அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் நான்.

நாங்கள் திருநின்றவூருக்குக் குடிவந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கும்போதே பழசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மணிக்கு ஷிஃப்ட். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைத் துடைத்து, முன் விளக்குக்கு ஒன்று, பெட்ரோல் டேங்க் மூடிக்கு ஒன்று எனச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. தெய்வம் துணை நிற்கட்டும் என்று செய்தேன். ஆனால் வண்டிதான் நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் நிற்கும். இவர் இறங்கி, மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். ஒரே மாதத்தில் நாலு தரம் லேட். ஐந்தாவது தரம் மெமோ என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம்தான் இவரை நிரந்தரம் செய்வதாகப் பேச்சு இருந்தது.

பாயின் கடை, மர டிப்போவை ஒட்டிய தகரக் கொட்டகை. முதல் தடவை நானும் பின்னால் உட்கார்ந்து போயிருந்தேன். பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "எப்டி நின்னுச்சு சார்?" என்றார்.

"நின்னுடுச்சு, அவ்ளோதான்."

"அப்டி இல்ல சார். இருமிட்டு நின்னுச்சா, பட்டுனு நின்னுச்சா, தூங்கினாப்ல நின்னுச்சா?"

பக்கத்தில் தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர், "இன்னா பாய், நாக்க நீட்டச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாப்பியா?" என்று சிரித்தார்.

"நீ சிரி நைனா. இருமி நின்னா பெட்ரோல்ல தண்ணி கீது. பட்டுனு நின்னா கரண்டு. தூங்கி நின்னா பெட்ரோல் எறங்கல. கேக்காம கழட்டறவன் மெக்கானிக் இல்ல, காயலான் கடைக்காரன்."

"தூங்கினா மாதிரிதான் நின்னுச்சு" என்று நான் சொன்னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய், "கேட்டீங்களா சார், பின்னாடி குந்தினு வந்தவங்களுக்குத் தெரியுது" என்றார். அது இவருக்குப் பிடிக்கவில்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பதுதான் கார்புரேட்டர். அதில்தான் அடைப்பு இருக்கும் என்று பாய் அதைக் கழற்றி, ஜெட் என்ற சின்னத் துவாரத்தை ஊதி, உள்ளே இருக்கும் ஃப்ளோட் என்ற மிதவையைச் சரி பார்த்து மாட்டினார். டேங்கையும் காலி செய்து கழுவினார். அரை லிட்டர் ஊற்றிப் பட்டாபிராம் வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இவர் டேங்கை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியிலேயே நின்றது. இப்படி மூன்று தரம்.

வீட்டில் நான் ஒன்று செய்துவந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். தினம் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில், இவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே நின்றது, அது ராகு காலமா, எமகண்டமா என்று குறித்தேன். பெட்ரோல் போட்ட நாளும் அதிலேயே இருக்கும். திங்கட்கிழமை ராகு காலத்தில் போவதால்தான் நிற்கிறது என்று உறுதியாக நம்பினேன். தாள் சேரச் சேர அது பொருந்தவில்லை. நல்ல நேரத்தில் போன நாளிலும் நின்றது. ராகு காலத்தில் ஒரு நாள் நிற்காமலும் போயிருந்தது.

நாலாவது தரம் போனபோது அந்தத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். இவர் கடை வாசலிலேயே கத்தினார். "மூணு வாட்டி கழட்டி மாட்டிட்டீங்க பாய். உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. என் வேலை போயிடும்." நான் தாள்களை எடுத்ததும், "நீ வேற. மெக்கானிக் ஷாப்ல ஜோசியம் பாக்க வந்துட்டா" என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

பாய் மட்டும் கேட்டார். "ராகு காலத்த உட்டுரும்மா. டேங்க் ரொப்பின நாளு எங்க நின்னுச்சு, படி."

"நெமிலிச்சேரி."

"மறுநாளு?"

"பட்டாபிராம்."

"அப்பால?"

"ஆவடி தாண்டி."

"ரிசர்வுல ஓடினப்போ?"

"நிக்கவே இல்ல பாய். எஸ்டேட் வரைக்கும் போயிருக்கு."

"ரொம்பினா நிக்குது, காலியானா ஓடுது. நம்மள மாரிதான், வயிறு ரொம்பினா தூக்கம்" என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைக் கழற்றினார். வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். "ஒரு ஊக்கு குடும்மா" என்றார். வளையலில் மாட்டியிருந்ததைக் கொடுத்தேன்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் மூச்சு முட்டும். காலியாக இருந்தால் உள்ளிருக்கும் காற்று கொஞ்ச தூரம் தாங்கும். ஒவ்வொரு தரமும் இவர் மூடியைத் திறந்து பார்த்ததாலேதான் வண்டி மறுபடி கிளம்பியிருக்கிறது.

பாய் ஊக்கால் உள்ளிருந்து குத்தினார். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. அது என்ன என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் அதைத் தரையில் தட்டவில்லை. என் கையிலிருந்த காலண்டர் தாளில் கொட்டி, மடித்துக் கொடுத்தார். "பொட்ட வெளக்குக்கு மட்டும் வெய்யிம்மா. மூடிய உட்டுரு" என்றார்.

அதற்குள் இவர் வந்துவிட்டார். "என்ன பாய், ஏதாவது தெரிஞ்சுதா?"

பாய் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "என் தப்புதான் சார். ஃப்ளோட்ட தப்பா வெச்சுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன், இனிமே நிக்காது."

நிற்கவில்லை. மெமோ வரவில்லை. அந்த வருஷமே இவருக்கு வேலை நிரந்தரமானது. ஆனால், "ஃப்ளோட்ட தப்பா வெச்சேன்னு அவரே ஒத்துக்கிட்டாருப்பா" என்று இவர் காலனியில் சொன்னார். கம்பெனி வண்டி ஸ்டாண்டில் சொன்னார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது காப்பி கொண்டுவந்து வைத்தவள் நான்தான். அவர் மறுநாளே தன் வண்டியை அம்பத்தூருக்குக் கொண்டுபோனார். என் பொட்டுதான் காரணம் என்று அன்று சொல்லியிருந்தால் இவர் என்ன பேசியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் வாய் திறக்கவில்லை. கோபம் ஆறிய பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கிளட்ச் ஒயர் மாற்றப் போயிருந்தபோது பாயிடமே கேட்டேன். "உங்க பேரு கெட்டுப்போச்சே பாய், ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கார்புரேட்டருக்கு ரோஷம் கெடையாதும்மா. இன்னா திட்டினாலும் வாங்கிக்கும்" என்று சிரித்தார். பிறகு, "அவரு நல்லபடியா போய்ட்டு வரணும்னு வெச்ச பொட்டு. அத்த எப்டிம்மா நான் ரிப்பேருன்னு சொல்லுவேன்?" என்றார். அன்றும் கடை வாசலில் நம் காலனி வண்டி ஒன்று இருமிக்கொண்டே அம்பத்தூர்ப் பக்கம் போனது. அவர் அதைத் திரும்பிப் பார்த்து, "பெட்ரோல்ல தண்ணி" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, அடுப்பை அணைத்துவிட்டு, இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன வருஷமாவா?" என்றார்.

"ஆமா."

"நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனேடி."

"ஆமா."

பிறகு, "மலர்ல எழுது. நான் சொன்னதையும் சேர்த்து எழுது" என்றார். மறுநாள் பாய் வீட்டுக்குப் போய் அவர் மகளிடம் சொல்லிவிட்டு வந்தார். "எங்கப்பா இத எங்க கிட்ட கூட சொன்னதில்லயே" என்றதாம் அந்தப் பெண்.

அவர் மடித்துக் கொடுத்த காலண்டர் தாள் என் சுவாமி அலமாரியில் இருக்கிறது. சந்தனப் பொடியில் இன்னமும் லேசாகப் பெட்ரோல் வாசனை வருவதுபோல் எனக்குத் தோன்றும். அந்த ஊக்கும் அதிலேயே குத்தியிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையும் விளக்குக்கு மட்டும்தான் பொட்டு வைத்தேன்.

அவரிடம் வண்டி விட்டவர்களும், விடாமல் தாண்டிப் போனவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். கார்புரேட்டர் மஸ்தான் பாய்க்கு நன்றாகவே வரும். ஓட்டையை அடைத்தது நான்.