அத்தான் வாய் கட்டிய வைகாசி

என் அக்காவின் கணவரைப் போல வாய் ஓயாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவருக்கு ஒரு சின்னக் கடை. பால் வாங்க வருகிறவரிடம் மழையில் தொடங்கி, பிரதமரைத் திட்டி, கடைசியில் அந்த ஆளின் முழங்கால் வலிக்கு வைத்தியமும் சொல்லித்தான் அனுப்புவார். "அந்த மனுசனை வீட்டை போக விடுங்கோவன்" என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். அத்தான் அதையும் ஆங்கிலத்தில் சொல்லி வந்தவரைச் சிரிக்க வைப்பார்.

அந்த மனிதர்தான் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு கடல் தண்ணீர் சுமப்பதாக அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறது. அம்மனுக்கும் கடலுக்கும் அங்கே பிரிக்க முடியாத உறவு. வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு, நடந்து கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அந்த உப்புத் தண்ணீரில்தான் விளக்கு எரியும். எண்ணெய் விடுவதில்லை. எப்படி எரியும் என்று கேட்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை, கண்ணால் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். குடம் சுமக்கிறவர் தண்ணீர் மொண்டதிலிருந்து விளக்கு ஏற்றும் வரைக்கும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஒரு சொல் கதைத்தாலும் அந்தத் தண்ணீர் ஆகாது. கொட்டிவிட்டுத் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும்.

லண்டனுக்கு வந்தும் எங்கள் சனம் இதை விடவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு பழைய வேர்க்‌ஷொப் கட்டடத்தில் அம்மனை வைத்திருக்கிறார்கள். சவுத்தெண்ட் கடற்கரையில் தண்ணீர் எடுத்து, றோட்டுக்கரையால் இரண்டு நாள் நடந்து அங்கே கொண்டு வருவார்கள்.

அக்காவுக்குப் புற்றுநோய். கீமோ ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியபோது டாக்டர்மார் எதற்கெடுத்தாலும் "பார்ப்போம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அத்தானுக்கு அந்தச் சொல் ஆகவில்லை. ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேர்த்தியைப் பற்றிச் சொன்னார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"வாயைக் கட்டவோ? நீங்களோ?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் பிழைச்சாலும் பிழைப்பன். இவர் ரெண்டு நாள் கதையாமல் இருந்தால் செத்துப்போவார்."

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அத்தான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, "தேங்காய் உடைக்கிறது லேசு. எனக்கு ஏலாததைத்தானே அம்மனுக்குக் குடுக்கோணும்" என்றார். அக்கா பிறகு பகிடி பண்ணவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் அவரோட போ. வாயைக் கட்டினால் பசிச்சாலும் கேக்க மாட்டார்" என்றாள். நான் வேலைக்கு லீவு போட்டேன். அக்காவோடு அவள் மகள் நின்றாள்.

சவுத்தெண்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் கடல் வற்றிப்போய்க் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. மஞ்சள் சீலையோடும் வேப்பிலையோடும் சிப்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இது கடலே இல்லை, தேம்ஸ் ஆற்றின் வாய் என்று ஒருவர் பெரிய மேதாவி போல விண்ணாணம் கதைத்தார். எங்கள் பூசாரியார் வார நாட்களில் பஸ் ஓட்டுகிறவர், வீண்பேச்சுக்கு நேரம் இல்லாதவர். தண்ணீர் ஏறி வந்ததும் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். "உப்பு. எங்களுக்கு இது காணும்" என்றார்.

வாய் கட்டும் கடைசி நிமிடம் வரைக்கும் அத்தான் கதைத்தார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு அம்மனின் வரலாறு முழுவதையும் சொன்னார். பிறகு அக்காவுக்குப் போன் எடுத்து, "இஞ்சாரும், இப்ப கட்டப் போகினம்" என்றார். "நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அதன் பிறகு அவருடைய போன் என்னிடம் இருந்தது. குறுஞ்செய்தி அனுப்பலாமோ என்று யாரோ கேட்டதற்கு, விரலால் கதைத்தாலும் கதை கதைதான் என்று பூசாரியார் சொல்லிவிட்டார்.

நடக்கத் தொடங்கினோம். லொறிகள் உரசிக்கொண்டு போகும் பெரிய தெரு. நடைபாதை சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை. ஒரு பெண் காரை நிறுத்தி இது ஏதும் தர்மத்துக்கான நடையோ என்று கேட்டாள். "ஓம் எண்டு சொல்லு பிள்ளை, விளங்கப்படுத்த நேரமில்லை" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அத்தான் எல்லோருக்கும் முன்னால், குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்தாலே தெரியும், சொல்ல எத்தனையோ இருந்தது. நாய்க்குட்டியைக் கண்டால் திரும்பி என்னைப் பார்ப்பார். கடையின் பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் கண்ணாலேயே சிரிப்பார். இரவு ஒரு தமிழ் வீட்டுக் கராஜில் தங்கினோம். குடம் நிலத்தில் படக்கூடாது என்று கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாலும் வாழைப்பழமும் எடுத்தார். பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை அக்காவின் மகளிடமிருந்து, என் பெறாமகளிடமிருந்து, செய்தி வந்திருந்தது. விடியப்புறம் அம்மாவுக்குக் காய்ச்சல் கூடி, அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டாளாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாள். நான் சொன்னேன். தாலி கட்டியவனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு நடந்த நடைக்கு இளம் பெடியங்களாலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

ரொம்ஃபோர்ட் தாண்டி வரும்போது அந்தப் போன் வந்தது. மத்தியான வெயில். ஒரு கோழிப்பொரியல் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் நின்றோம்.

"சித்தி, அம்மாவுக்கு மூச்செடுக்க ஏலாமல் இருக்கு. நித்திரையாக்கி மெஷினில போடப் போகினமாம். அதுக்கு முதல் அப்பாவோட கதைக்கோணுமாம். ப்ளீஸ் சித்தி, அப்பாட்டக் குடுங்கோ."

நான் பூசாரியாரிடம் சொன்னேன். அவர் வரிசையை நிறுத்தினார். அத்தானுக்குக் கிட்டப் போய், "தம்பி, நீர் கதையும். தண்ணியை இதிலை ஊத்திப்போட்டு நாங்கள் திரும்பிப் போய் எடுப்பம். ஆரும் உம்மிலை குறை சொல்ல மாட்டினம்" என்றார். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் காலில் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதர்களை நான் என்ன திட்டினாலும் இதை மட்டும் மறக்க மாட்டேன்.

போனைச் சத்தமாக வைத்து அத்தானின் காதருகே பிடித்தேன். முதலில் ஒட்சிசன் இரையும் சத்தம் வந்தது. பிறகு அக்கா.

"இஞ்சாருங்கோ."

அத்தான் கண்ணை மூடினார்.

"நிக்கிறியளே?"

மோதிர விரலால் குடத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உது என்ன சத்தம்?"

"அத்தான்தான் அக்கா. குடத்திலை தட்டுறார். நீ கதைக்கிறது கேக்குது அவருக்கு" என்றேன்.

"குடத்தோட நான் கதைக்கேல்லை." மூச்சு வாங்கியது. "எனக்குப் பயமாய்க் கிடக்கு. ஒரு சொல்லு கதையுங்கோ. என்னவெண்டாலும் பரவாயில்லை."

"கதையுங்கோ அத்தான், பூசாரியாரே சொல்லிப்போட்டார்" என்று நான் கெஞ்சினேன். அத்தான் மாட்டேன் என்று தலையை அசைத்தார். தண்ணீர் சிந்தாமல், மிக மெதுவாக அசைத்தார். அவர் நினைத்தது எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. அவள் உயிருக்காகத்தான் இந்த வாய் கட்டியிருக்கிறது, உயிர் ஊசலாடும் இந்த நேரத்தில் அவிழ்த்தால் அதோடு எல்லாம் போய்விடும் என்று நம்பினார். வாய்க்கு மேல் அந்தத் துணி மூச்சோடு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. கண்ணீர் இறங்கித் துணி முழுக்க நனைந்துவிட்டது. அவர் மறுபடியும் குடத்தில் தட்டினார். மறுபடியும். மறுபடியும்.

பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"சரி விடுங்கோ" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கதை நீண்டுகொண்டு போனால் கடைசியில் சொல்வாளே, அந்த மாதிரிச் சொன்னாள். "வெயிலுக்கை நிக்காமல் நடவுங்கோ."

பிறகு பெறாமகள் போனை வாங்கிக்கொண்டாள். நாங்கள் நடந்தோம்.

பொழுது சாயமுன் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். விளக்கு எரிந்தது. மிக நன்றாகவே எரிந்தது. சனம் அழுது கும்பிட்டது. பூசாரியார் துணியை அவிழ்த்தபோது அத்தானின் கன்னத்தில் இரண்டு பக்கமும் தடம் பதிந்திருந்தது. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. "கார் எங்கை நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா மெஷினில் இருந்தாள். வாயில் குழாய், அதைச் சுற்றி வெள்ளைப் பட்டி ஒட்டியிருந்தது. அவளுக்குக் கேட்கக்கூடும், கதையுங்கள் என்று தாதி சொன்னாள். நல்ல ஆளுக்குத்தான் சொன்னாள். அத்தான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார். சவுத்தெண்ட் சேறு, நாக்கில் உப்புப் பார்த்தது, கராஜில் குறட்டை விட்டவர், எழுத்துப் பிழை பெயர்ப்பலகை எல்லாம் சொன்னார். சொன்னதையே திரும்பச் சொன்னார். அடுத்தடுத்த நாட்களிலும் அதுதான். தொண்டை கட்டி, குரல் காற்றாகிப் போன பிறகும் நிறுத்தவில்லை. பெறாமகள் வெளியே போய் அழுதுவிட்டு வருவாள், அவர் விட்ட இடத்தில் இருந்து தொடங்குவார். அக்காவுக்கு ஏதும் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். எனக்குத் தெரியாது.

அக்காவின் உயிர் பிரிந்ததும் அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான். சிப்ஸ் கடை வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதி வந்து தோளைத் தொட்டாள். அத்தானுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொல்லிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் படையல். கோயிலுக்கு நடந்த சனம் முழுக்க வந்திருந்தது. பூசாரியார் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஆறுதல் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சவுத்தெண்டில் விண்ணாணம் கதைத்த அதே ஆள், சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த முறை எரிஞ்ச மாதிரி விளக்கு ஒருநாளும் எரியேல்லை. அம்மன் உங்கட நேர்த்தியை ஏற்றுக்கொண்டவ" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். பாயசக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அத்தான் மரியாதையாகத் தலையாட்டினார்.

எல்லோரும் போன பிறகு நான் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். பின்னேர வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. அத்தான் வந்து கதவு நிலையில் சாய்ந்தார்.

"அவள் கேட்டது ஒரு சொல்லு" என்றார். "நான் அதைக் கொண்டுபோய் அம்மனிட்டைக் குடுத்தன்."

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"அம்மனுக்கு அது என்னத்துக்கு?"

மனிதர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.