மூன்றாம் வரிசைக் கொப்பிக்காரர்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எங்கே ர, எங்கே ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

என் மகள் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவள். பதின்மூன்று வயதிலேயே என்னைவிட உயர்ந்துவிட்டாள். அப்போது ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகரத்துக் கோயில் வாசலில் ஒரு அக்கா, "இந்த உயரத்துக்கு மாப்பிள்ளையை எங்கை பிடிக்கப் போறியள்? ஏணி வச்சே தாலி கட்டுறது?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் என் மகளைக் காலிலிருந்து தலைவரை அளந்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை மகளுக்குக் கால் சுளுக்கியது. அன்று முதல், விளையாட்டு நடக்கும்போது நான் பந்தைப் பார்ப்பது குறைவு. மகளை யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

இந்தத் தொழிலில் பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் புது ஒப்பந்தம். மகளுக்கு இருபத்தெட்டு வயது. முழங்காலில் ஒருமுறை சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. இந்த வசந்தத்தில், அடுத்த வருடம் அவளை வைத்திருக்க முடியாது என்று கழகம் சொல்லிவிட்டது. வேறு கழகம் எடுக்காவிட்டால் அவளுடைய விளையாட்டு அத்தோடு முடிந்தது.

அந்த நேரத்தில்தான் விளையாட்டு மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்காரத் தொடங்கினார். கைதட்ட மாட்டார், சாப்பிட மாட்டார். மடியில் ஒரு கொப்பி. மகளின் கையில் பந்து வந்தால் மட்டும் எழுதுவார். முதல் தடவை அவர் வந்தபோது மகளின் விரல் பிசகியது. இரண்டாம் தடவை தோள் அடிபட விழுந்தாள். சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டிய காப்புறுதிக்காரன் முழங்காலை வேவு பார்க்கிறானோ என்று நினைத்தேன். பிறகு அதைவிடக் கெட்டதாக நினைத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். "நாவூறுதான், கண் பட்டிருக்கு," என்றாள். "சனிக்கிழமை எனக்கு வேலை. நீங்களே கழிச்சு விடுங்கோ." செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் ஒரு பையில் போட்டுத் தந்தாள். வீட்டில் செய்ய வேண்டிய காரியம். ஆனால் மகள் தனியாக வேறு வீட்டில் இருக்கிறாள், நேராக மண்டபத்துக்குத்தான் வருவாள். அப்போது நான் அந்த மண்டபத்தைத் துப்புரவு செய்து வந்தவன். சாவி என்னிடம் இருந்தது.

சனிக்கிழமையும் அந்த ஆள் வந்தார். பிள்ளைகள் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தபோது, ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் கிடந்த மகளின் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு, பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்திலுள்ள என் சாமான் அறைக்குள் போனேன். சட்டையை மூன்று முறை சுற்றி, எல்லாவற்றையும் பழைய சட்டியில் போட்டுக் கொளுத்தினேன். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். எனக்கோ மூச்சே நின்றுவிட்டது. அப்படியென்றால் நாவூறு இல்லையே என்று யோசித்து முடிப்பதற்குள் கூரையில் அபாயமணி அலறியது.

மண்டபம் முழுவதும் வெளியே வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. சட்டியையும் மேற்சட்டையையும் ஒரு வீரர் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டையில் மகளின் இலக்கம் இருந்தது. பயிற்சியாளர் அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ளே என்ன புகைத்தாய்?" என்று மகளிடம் ஜெர்மனில் கேட்டார். பக்கத்தில் அந்தக் கொப்பிக்காரர் இருமிக்கொண்டு நின்றார்.

நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன். அன்று கையை உயர்த்தி, "நான்," என்றேன். அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?" என்றாள் மகள்.

"நாவூறு கழிச்சனான்."

"ஆருக்கு?"

"உனக்குத்தான் பிள்ளை. அந்த ஆள் உன்னையே பாத்துப் பாத்து எழுதுறார்."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். "பாக்கிறதுதான் அப்பா அவரின்ரை வேலை. ஸ்டுட்கார்ட் கழகத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் சும்மா இருப்பியளே? இப்ப பாருங்கோ, சொல்லாமலே எரிச்சுப்போட்டியள்."

அவள் அவர்களுக்கு விளக்கிச் சொன்னாள். பயிற்சியாளர் அம்மா சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கொப்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ கேட்டார். மகள் சிரித்தாள். "முழங்காலுக்கும் இது வேலை செய்யுமோ எண்டு கேக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். அது எந்த வகைச் சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஒரு மணி நேரம் கழித்து விளையாட்டுத் தொடங்கியது. குளிர்ந்த காலோடு அவள் ஓடுவதைப் பார்க்கப் பயந்து நான் வெளியிலேயே நின்றேன். அன்று அவள் விழவில்லை. இரண்டு கிழமையில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வருட ஒப்பந்தம் வந்தது. என் கம்பனி என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றியது. அது நியாயம்தான்.

ஆனால் ஒரு எண்ணம் என்னை விடவில்லை. நெடி வந்ததால் அந்த மனிதரின் கண்ணில் குற்றமில்லை. அப்படியானால் யாருடைய கண்? விரல் பிசகிய நாளிலும், தோள் அடிபட்ட நாளிலும், சுளுக்கிய நாளிலும் தவறாமல் அங்கே இருந்த ஒரே ஆள் நான். என் பிள்ளை எவ்வளவு வடிவாக விளையாடுகிறாள் என்று நெஞ்சு நிறைந்து பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். பெற்றவர்களின் கண்ணும் படும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

இந்தப் பருவத்தில் மூன்று முறை ரயிலேறி ஸ்டுட்கார்ட் போனேன். முதல் இரண்டு முறையும் கதவுக்கு வெளியே நின்று பந்துச் சத்தத்தை மட்டும் கேட்டேன். "உள்ளை வாங்கோ அப்பா. ஆர் பாத்தாலும் விழுறது விழும்," என்று மகள் கோபித்தாள். நேற்றுக் கடைசிப் பத்து நிமிடம் உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரணிப் பிள்ளைகளை மட்டும் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டேன்.

எசன், நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை.