மாடிப்படிக்குக் கீழே எனிட்

கிளிஃபர்ட் ஹவர்த் வீட்டு முன்னறையில், கணப்புக்கு மேலே இருந்த பலகையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவள் எனிட். கல்யாணமாகி வட இங்கிலாந்தில் இருக்கும் கோல்னுக்கு வந்த முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டாள். நடுவில் கடிகாரம். இரண்டு கோடியிலும் இரண்டு பீங்கான் நாய்கள், ஒன்றையொன்று முறைத்தபடி. கடிகாரத்துக்கும் நாய்க்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு பித்தளை மெழுகுவத்தித் தண்டு. இடது பக்கம் ஒன்று வைத்தால் வலது பக்கமும் அதே உயரத்தில் ஒன்று வைத்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கும் இதே சட்டம்தான். ஒற்றைப்படையில் அட்டை வந்து சேர்ந்தால் எனிட் ஒன்றை எடுத்துச் சமையலறையில் வைத்துவிடுவாள். பெரும்பாலும் அது கிளிஃபர்டின் தம்பி அனுப்பியதாகவே இருக்கும்.

பலகையும் அதன் மேல் இருப்பதும் எனிட்டின் ஆட்சி. பலகைக்குப் பின்னால் கூரை வரை போகிற சுவர் கிளிஃபர்டின் பொறுப்பு. அவர் பஸ் ஓட்டியவர். ஆனால் வால்பேப்பர் ஒட்டுவதில் அந்தத் தெருவில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புள்ளி போட்டது, கோடு போட்டது, தட்டு அகலத்துக்கு ஆரஞ்சுப் பூப் போட்டது என்று அந்தச் சுவர் பார்க்காத காகிதம் இல்லை. நிலக்கரி போய் எரிவாயு வந்தது, அவருடைய முடி போய் வழுக்கை வந்தது. பலகை மட்டும் அப்படியேதான் இருந்தது.

பிறகு எனிட் செத்துப்போனாள். தன்னை எரித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். எரித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான், அதுவும் இப்படி ஒரு விஷயத்தில். கிளிஃபர்ட் அஸ்திக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இடது மெழுகுவத்தித் தண்டை நகர்த்திவிட்டு அங்கே அவளை வைத்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். வலது பக்கம் குட்டையாக இருந்தது. அவள் பார்த்தால் திட்டுவாளே என்று, அந்தத் தண்டையும் எடுத்துவிட்டு அதே உயரமுள்ள தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

எதிர் வீட்டில் இருந்தவள் எனிட்டின் அக்கா ஹில்டா. தண்டுகள் இரண்டும் அவளுடைய ஜன்னலுக்குப் போயின. அவளுக்கு அவற்றின் மேல் ரொம்ப காலமாகவே ஒரு கண்.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. கிளிஃபர்ட் காலையில் எனிட்டுக்குத் தூசி தட்டுவார். தேயிலை டப்பா பலகையின் வலது பக்கத்தில் மாட்டிக்கொண்டதால், டீ போடுவதற்கெல்லாம் முன்னறைக்கு நடந்தார். ஒருத்தருக்காக உருளைக்கிழங்கு வேகவைப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. அவருடைய ஒரே போக்கிடம் பந்து உருட்டும் புல்வெளி. எதிரே கிடக்கும் சின்னப் பந்துக்குப் பக்கத்தில் பெரிய பந்தைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம். அந்த வட்டாரத்தில் கல்யாணம், கருமாதியை விட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கிளப்பின் டீக்கடையில் கெட்டிலுக்குப் பின்னால் நின்றவள் மார்ஜரி க்ரிம்ஷா. விதவை. ஒரு நாள் அவர் கோப்பையில் கேட்காமலேயே இரண்டு சர்க்கரை போட்டாள். கிளிஃபர்டுக்கு ஒன்றுதான் வழக்கம். அன்றிலிருந்து இரண்டு.

குளிர்காலம் வந்தால் புல்வெளியை மூடிவிடுவார்கள், டீக்கடையையும்தான். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும். கல்யாணத்துக்குத்தான். அவருக்கு எழுபத்திரண்டு வயது, சுற்றி வளைக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கு வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றாள். சந்தோஷத்தில் வீடு வரைக்கும் நடந்தே வந்தார். முன்னறைக் கதவைத் திறந்தார். பலகையில் எனிட் இருந்தாள்.

முதல் பெண்டாட்டியை இடது பக்கம் வைத்துக்கொண்டு இரண்டாவது பெண்டாட்டியை எப்படிக் கேட்பது? சரி, எடுத்துவிடலாம் என்றால், எதைச் சொல்லி எடுப்பது? ஹில்டாவுக்கு அவருடைய முன்னறை ஜன்னல் நன்றாகவே தெரியும். அதைவிட எனிட்டிடம் என்ன சொல்வது? மூன்று நாள் கலசத்தைப் பார்க்காமலேயே தூசி தட்டினார். அப்புறம் ஒரு யோசனை வந்தது. நேராகச் செய்யத் துணிச்சல் இல்லாதவர்களுக்கு மட்டும் வருகிற வகை யோசனை. கணப்புச் சுவருக்குப் புது வால்பேப்பர் ஒட்டுவது. ஒட்டுவதென்றால் பலகையில் இருப்பதெல்லாம் இறங்கித்தானே ஆக வேண்டும்! இறங்கியது எல்லாமே திரும்பி ஏற வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

பசை மேசையை விரித்த பத்தாவது நிமிஷம் ஹில்டா வாசலில் நின்றாள்.

"என்ன கிளிஃப், திடீர்னு சுவர் மேல பாசம்?"

"பழசாயிடுச்சு ஹில்டா."

"நீயுந்தான் பழசாயிட்ட. ஒனக்கு யாரு பேப்பர் ஒட்டறா?" உள்ளே எட்டிப் பார்த்தாள். நாய்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தன. "நம்ம எனிட் எங்கே?"

"பசை தெறிக்கும்னு பத்திரமா வச்சிருக்கேன்."

"எங்க பத்திரமா?"

"மாடிப்படிக்குக் கீழ."

ஹில்டா திரும்பித் தெருவைத் தாண்டிப் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனது கிளிஃபர்டுக்குப் பிடிக்கவில்லை.

காகிதம் பிரமாதமாக வந்தது. வெளிர்பச்சை, அதில் மெல்லிய இலைக்கொடி. சனிக்கிழமை பலகையைத் திரும்ப அடுக்கினார். கடிகாரம், நாய்கள், வலது பக்கம் தேயிலை டப்பா. இடது பக்கம் ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. அத்தனை வருஷம் எனிட்டோடு குடித்தனம் செய்தவருக்கு அதை அப்படியே விட மனம் வருமா? அதே உயரத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று வீடெல்லாம் தேடினார். படுக்கையறையில் கிடைத்தது. பந்து உருட்டும் போட்டியில் ஜெயித்த வெள்ளிக் கோப்பை. கச்சிதமான உயரம். பளபளவென்று தேய்த்து வைத்தார். மார்ஜரி பார்த்து மெச்சுவாள் என்றுகூட நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளை புத்தி.

ஞாயிறன்று மார்ஜரி நீலக் கோட்டில் வந்தாள். டின் சால்மன் மீன் வைத்த சாண்ட்விச்சும், பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட போர்க் பையும் தயாராக இருந்தன. கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய டிரைஃபிள் கொஞ்சம் சரிந்திருந்தது, ஆனால் டிரைஃபிள்தான். கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அவள் கண் சுவருக்குப் போனது.

"ஒட்டு எங்கேன்னே தெரியலையே மிஸ்டர் ஹவர்த்! நீங்களே ஒட்டினதா?"

"சும்மா, பொழுது போகலை," என்றார் கிளிஃபர்ட். காது சிவந்துவிட்டது.

அவள் கணப்புக்குப் பக்கத்தில் போனாள். கோப்பையில் பொறித்திருந்ததை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது பெர்ட்டோட நீங்க ஆடின ஃபைனல்," என்றாள்.

பெர்ட் க்ரிம்ஷா அவளுடைய செத்துப்போன கணவன். கடைசிப் பந்தில், யாருடையது கிட்டே இருக்கிறது என்று நடுவர் அளந்து பார்த்து, கிளிஃபர்ட் ஜெயித்ததாகச் சொன்ன ஆட்டம். பெர்ட் அந்தத் தீர்ப்பைச் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. இது ஊருக்கே தெரியும். கிளிஃபர்டுக்கும் தெரியும். உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

"பெர்ட் ஒரு கயிறு வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமை ஆனா மேசைல ரெண்டு ஆரஞ்சுப் பழத்தை வச்சு அளந்து காட்டுவாரு," என்றாள் மார்ஜரி. "இருபது வருஷம் அந்த ஆரஞ்சைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஐயோ, மார்ஜரி, நான் அதை நெனச்சு வைக்கலை..."

"அது போகட்டும். எனிட் எங்கே?"

கிளிஃபர்டுக்கு முழி பிதுங்கியது. "எனிட்டா?"

"ஹில்டா சொன்னாங்களே. கணப்பு மேல வச்சு தினமும் பாத்துக்கறீங்கன்னு, அவங்களுக்கு ஈடா தேயிலை டப்பாவ நிறுத்தியிருக்கீங்கன்னு. அதைக் கேட்டுத்தான் நான் டீக்கே ஒத்துக்கிட்டேன். இப்படி ஒரு மனுஷனான்னு பாக்க வந்தேன். எங்கே வச்சிருக்கீங்க?"

அவர் கையை நீட்டி மாடிப்படியைக் காட்டினார். மார்ஜரியே போய்ப் படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். வேக்குவம் கிளீனருக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே எனிட் நின்றாள். தலைமேல் ஒரு பழைய துண்டு.

"துண்டு தூசி படாம இருக்க," என்றார் கிளிஃபர்ட்.

"நல்ல மனசு," என்றாள் மார்ஜரி. நீலக் கோட்டின் பொத்தான்களைத் திரும்பப் போட்டாள். "இன்னிக்கு எனக்காக இவங்கள இங்க வச்சீங்க. நாளைக்கு வேற ஒருத்தி டீக்கு வந்தா, என்னையும் இந்த வேக்குவம் கிளீனர் பக்கத்துலதானே வைப்பீங்க? நான் வர்றேன் மிஸ்டர் ஹவர்த். சால்மனை மூடி வைங்க, நாத்தம் அடிக்கும்."

கதவு சாத்திய பிறகு கிளிஃபர்ட் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கலசத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கேட்டியா எனிட்? நான் ஒரு கோழை. ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கு அவளப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒன்ன மறந்ததால இல்ல. வீட்ல ஒரு குரல் இல்லாம முடியல, அதுக்குத்தான்." கலசத்தின் மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். வெட்கமும் வந்தது, நிம்மதியும் வந்தது.

எனிட்டைப் பழைய இடத்தில் வைத்தார். கோப்பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளினார், துண்டு போடாமல். மூன்று நாள் சால்மன் சாண்ட்விச்சே சாப்பிட்டார். ஹில்டா வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ம், வந்துட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. மார்ஜரி. அதே கோட்டு, கையில் கனமான கடைப்பை. உள்ளே வரச் சொல்வதற்குள் வந்துவிட்டாள். பலகையைப் பார்த்தாள். எனிட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்தால் ஆட்டுகிற மாதிரி. பிறகு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போனேன்," என்றாள். "வீட்டுக்குப் போயி துணி அலமாரியத் திறந்தேன். பெர்ட் அங்கதான் இருந்தாரு. என் குளிர்காலக் கோட்டுக்குப் பின்னாடி."

கிளிஃபர்டுக்குப் புரியவில்லை.

"பதிலுக்கு இந்த ஞாயித்துக்கெழமை ஒங்கள டீக்குக் கூப்பிடறதா இருந்தேன். ஜெயிச்ச ஆளு வந்து ஒக்காந்தா, தோத்த ஆளு எதுக்க இருந்தா நல்லாவா இருக்கும்னு இங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சேன். என் பங்குக்கு நானும் ஒளிச்சுட்டு, ஒங்கள வந்து நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டிருக்கேன் பாருங்க." பையிலிருந்து பெர்ட்டைக் கலசத்தோடு எடுத்தாள். "இனிமே இவர அலமாரில வைக்க என்னால ஆகாது. தனியா வைக்கவும் மனசில்ல. எனிட் எவ்வளவு உயரம்னு ஹில்டாகிட்ட கேட்டேன். ஒரே உயரந்தான்."

தேயிலை டப்பா இறங்கியது, பெர்ட் ஏறினார். கிளிஃபர்ட் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். இரு பக்கமும் சரியாக இருந்தது. எனிட் இருந்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் கிடைத்திருக்காது.

மார்ஜரிக்குக் கிடைத்தது. பையின் அடியில் கையை விட்டு ஒரு கயிற்றை எடுத்தாள். அழுக்கேறிய, நடுவே முடிச்சுப் போட்ட கயிறு. பலகையின் இந்தக் கோடியிலிருந்து கடிகாரம் வரை பிடித்தாள், பிறகு அந்தக் கோடியிலிருந்து.

"கடிகாரம் நடுவுல இல்ல," என்றாள். "ஒரு விரல்கடை எனிட் பக்கமா இருக்கு."

"அது அவ வச்சது. அத்தனை வருஷமா அங்கதான் இருக்கு."

"அளந்தா அப்படித்தான் வருது." கயிறு அவள் கையில் ஆடியது. கண் கயிற்றில் இல்லை, கிளிஃபர்ட் மேல் இருந்தது. "பெர்ட்டும் தப்பா அளக்க மாட்டாரு."

அந்த ஃபைனலில் கடைசிப் பந்தைக் கிளிஃபர்ட் குனிந்து தன் கண்ணால் பார்த்திருந்தார். அது பெர்ட்டின் பந்தைவிட ஒரு விரல்கடை கிட்டத்தில் கிடந்தது. அதில் சந்தேகமே இல்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் ஜெயித்த கோப்பை அது ஒன்றே ஒன்று. பந்து விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொன்னதில்லை, எனிட்டிடம் கூட. அன்று புல்வெளி ஓரத்தில் நின்று கை தட்டியவள் எனிட். அவளுக்கும் தெரியும். அவர் முதலில் இடது பக்கம் பார்த்தார், அனுமதி கேட்பவர் போல. பிறகு வலது பக்கம் பார்த்தார்.

"யோசிச்சுப் பாத்தா," என்றார் கிளிஃபர்ட் ஹவர்த், "அந்த ஆட்டம் பெர்ட் ஜெயிச்சதுதான்."

மார்ஜரி கயிற்றை மெதுவாகச் சுருட்டி பெர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடிகாரத்தை ஒரு விரல்கடை நகர்த்தினாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் ஏதோ கேக்கணும்னு முழிச்சுக்கிட்டிருந்தியே கிளிஃபர்ட்," என்றாள். "இப்பக் கேளு."