அக்டோபர் முதல் தேதிவரை

எங்கள் கிராம அலுவலகத்தில் நாகுமோவைப் போலப் பயந்த மனிதர் கிடையாது. முப்பது வருடமாக நிதிப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை. டோக்கியோவிலிருந்து வரும் மானியத்தில்தான் எங்கள் ஊர் ஓடுகிறது. அது தலையை எண்ணித்தான் வரும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் தேதி ஊரில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. இந்தத் தடவையும் குறைந்தால், வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர் ஒரு நாள்தான் வருவார் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். அன்றோடு நாகுமோவுக்குத் தூக்கம் போயிற்று.

செப்டம்பர் கடைசியில், தனியாக வசிக்கும் ஷிகிஹரா பெரியவர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் மகளோடு தங்கப் போவதாகத் தெரிந்தது. நாகுமோ பேரிக்காய்ப் பெட்டியோடு ஓடினார். நானும் போனேன்.

"ஒரு வாரம்தாங்க ஐயா. ரெண்டாம் தேதி நானே கார்ல கொண்டுபோய் விடறேன்."

"மார்ல என்னமோ பிடிக்குதுப்பா. அதான் மக கூப்பிடறா."

"செவ்வாய்க்கிழமை நம்ம டாக்டர் வர்றாரே."

பெரியவர் சிரித்தார். "என் தலைக்கு இவ்வளவு கிராக்கியா? என் பொண்டாட்டிகூட இப்படிக் கெஞ்சினதில்ல. சரி, இருக்கேன்."

அதன்பிறகு காலையும் மாலையும் நாகுமோ அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. "பார்க்கப் போறீங்களா, எண்ணப் போறீங்களா?" என்று கேட்டேன்.

முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை கதவு திறக்கவில்லை. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தோம். ஒரு காலில் மட்டும் செருப்போடு பெரியவர் வாசலறையில் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் மகள் அழுதுகொண்டு நின்றாள். டாக்டர் வெளியே வந்ததும் நாகுமோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"மூணு மாசத்துக்கு மேல இங்க இருக்க வேண்டி வருமா?"

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மாதத்துக்குள் முடியும் ஆஸ்பத்திரி வாசம் என்றால் நோயாளியை ஊர்க்கணக்கிலேயே எழுதலாம் என்பது விதி.

"மூணு மாசமா? இந்த வாரம் தாண்டினாலே பெருசு" என்றார் டாக்டர்.

மகளுக்கு விதி தெரியாது. நாகுமோவின் முன் இடுப்பு வளையக் குனிந்தாள். "அப்பாவுக்கு அங்க நீங்க இருந்தீங்களே, அது போதும்."

நாகுமோ அவளைவிடத் தாழக் குனிந்தார்; வெகுநேரம் நிமிரவில்லை.

பெரியவர் ஐந்தாம் தேதி போய்ச் சேர்ந்தார்; முதல் தேதி உயிரோடு இருந்ததால் அவர் தலை கணக்கில் உண்டு. அவருடைய கணக்கெடுப்புப் படிவத்தை நாகுமோ என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்க. என் கையால முடியாது." நான் எழுதினேன்.

கணக்கு வந்தபோது அந்த ஒரு தலை எதற்கும் போதவில்லை. டாக்டர் இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார்.