நானே போட்ட சாக்பீஸ் வட்டம்

2000-ஆம் வருடம் மே மாதம் என் இரண்டு உள்ளங்கைகளும் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. சோற்றைப் பிசைய முடியவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட ரோஸ்லின்தான் போட்டுவிடுவாள். ரோஸ்லின் என் மனைவி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தச் சாட்சியை எழுதச் சொன்னதும் அவள்தான். சபையில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். "பேச வராட்டி எழுதிக் குடுங்க" என்று நோட்டை முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அப்போது நான் ஆம்பூரில் அன்வர் பாய் தோல் கம்பெனியில் செலக்டர். பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, கையால் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது முதல் தரம், எது மட்டம் என்று பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் எங்கே இருந்தாலும் அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடவேண்டும். பதினாலு வருடம் வட்டம் போட்டிருக்கிறேன். பாய் பக்கத்தில் வந்து நின்று, "இது நல்ல தோலுதானேப்பா" என்று கெஞ்சினாலும் அழிக்கமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

தோல் பதனிடப் போடுகிற குரோம் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் தோல் டாக்டர். "இந்த வேலையை விட்டால்தான் கை ஆறும். களிம்பு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வேறு எந்த வேலையும் தெரியாது. வீட்டுக்கு வந்து முழங்கால்போட்டேன். "என் கையைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே" என்று அழுதேன். ஆறு மாதம் அதே ஜெபம். கை ஆறவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆராதனைக்குப் போவேன், வாய் மட்டும் பாடும். மனசு திரும்பி உட்கார்ந்திருக்கும்.

ரோஸ்லின் மட்டும் தினமும் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து, என் கையில் களிம்பு தடவிக்கொண்டே ஜெபிப்பாள். ஒருநாள் ஆமென் சொன்ன கையோடு, "உங்கள கம்ப்யூட்டர் கிளாசுல சேத்துட்டேன்" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும் கம்ப்யூட்டரு?" என்றேன்.

"தோலு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா? போய் உக்காருங்க. அதுல குரோம் கிடையாது" என்றாள்.

போனேன். என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். வெடித்த விரல் பட்டால் எரியும் என்று நான் பருத்தித் துணிக் கையுறை போட்டுக்கொண்டு கீபோர்டு தட்டுவேன். 'கிளவுஸ் அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். புதுசாக எதைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். அது செலக்டர் புத்தி. மவுஸையும் அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். ரோஸ்லின் அவர்களைவிட ஜாஸ்தியாகச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

2002-இல் வேலூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்துப் பராமரிக்கிற கம்பெனி. முதலாளி மனோகர் சார், சென்னைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்றார். என் பழைய முதலாளி அன்வர் பாய் என்மேல் உள்ள பிரியத்தில் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எங்களிடமே ஒப்படைத்தார். பழைய இடத்துக்குப் புது வேலைக்காரனாகப் போய் இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே ஒரு வேலை செய்தேன். சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் வெயிலில் ஆம்பூருக்கு பஸ் ஏறவேண்டியிருந்தது. அதனால் ஃபேக்ஸ் இருக்கிற அதே போன் லைனில் ஒரு மோடத்தையும் மாட்டி, வேலூரிலிருந்தே போன் போட்டு அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்கிற மாதிரி வைத்தேன். மனோகர் சாரிடம்கூடச் சொல்லவில்லை. பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ரோஸ்லினிடம் மட்டும் பீற்றிக்கொண்டேன். "அப்ப இனிமே உக்காந்த எடத்துலயே வேலையா? உடம்பு ஏறிடப்போவுது" என்றாள்.

2003-ஆம் வருடம் இடி விழுந்தது. அன்வர் பாய் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பவேண்டிய விலைப்பட்டியல் எப்படியோ வெளியே போய்க்கொண்டிருந்தது. இவர் விலை அனுப்புவதற்கு முன்பே வேறொரு கம்பெனி கொஞ்சம் கம்மியாக அனுப்பிவிடும். மூன்று ஆர்டர் கை நழுவிப்போனது. அந்தப் பட்டியலுக்குப் பாஸ்வேர்டு உண்டு. அது தெரிந்தவர்கள் பாயும் நானும்தான்.

மனோகர் சார் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பட்டியல் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று ஒரு காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். மூன்று தேதிகள். மூன்றும் மதியம் ஒன்றேகால், ஒன்றரை. "ராத்திரியிலோ ஞாயித்துக்கிழமையிலோ திறந்திருந்தால் வெளியாள்னு சொல்லலாம். இது பட்டப்பகல், ஆபீஸ் நேரம். உள்ளே இருக்கிற யாருக்கோ நீங்க பாஸ்வேர்டு கொடுத்திருக்கீங்க. திங்கட்கிழமைக்குள்ள நீங்களே எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கங்க. அதுவரைக்கும் ஆபீசுக்கு வரவேண்டாம்" என்று அந்தக் காகிதத்தையும் என் கையில் கொடுத்தார்.

நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பதினாலு வருடம் பாயின் உப்பைத் தின்றவன் நான். வேலை போவதைவிட, பாய் என்னைத் திருடன் என்று நினைப்பாரே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன்.

ரோஸ்லின் வழக்கம்போல் களிம்பு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். நான் முதலில் ஜெபித்தேன். "நான் குற்றமில்லாதவன் என்று எல்லாருக்கும் காட்டும் ஆண்டவரே" என்றேன். பிறகு அவள் ஜெபித்தாள். "ஆண்டவரே, உண்மை எதுவோ அதை இவருக்குக் காட்டும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா ஜெபம் இது? நீகூட என்ன சந்தேகப்படறியா?" என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"சந்தேகம் இல்லீங்க. நமக்கே தெரியாதது அவருக்குத் தெரியும் இல்ல, அதான் கேட்டேன்" என்று என் கையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாயை நேரில் பார்த்துக் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது மணி ஒன்று. கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கோவிந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், வெள்ளிக்கிழமன்றதே மறந்துபோச்சா? ஜும்மாவுக்குப் போய்ட்டாங்க. மூணு மணிக்குத்தான் தொறப்பாங்க."

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பதினாலு வருடம் வெள்ளிக்கிழமை மதியம் இந்தக் கேட் சாத்தியிருப்பதைப் பார்த்தவன் நான். பாயும் மற்றவர்களும் தொழுகைக்குப் போனால், நாங்கள் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவோம். ஒரு ஈ காக்கை இருக்காது. வேலூர் ஆபீஸில் ஒரு வருடம் இருந்ததில் இது எப்படி மறந்தது?

கோவிந்தன் அறையில் உட்காரச் சொன்னார். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சட்டென்று பையிலிருந்த காகிதத்தை எடுத்தேன். முதல் தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. இரண்டாவதும் வெள்ளிக்கிழமை. மூன்றாவதையும் விரல் வைத்துத் தேடினேன். அதுவும் வெள்ளிக்கிழமை. ஆபீஸ் நேரம் என்று மனோகர் சார் நினைத்த அந்த ஒன்றரை மணிக்கு, பூட்டின ஆபீஸில் யாருமே கிடையாது.

இதை நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பிரியமானவர்களே, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆபீஸ் அறைக்குள் போன் மணி அடித்தது. இரண்டு தடவை அடித்து நின்றது. பிறகு 'கீச்' என்று மோடம் கத்துகிற சத்தம். ஓடிப்போய் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் அந்தச் சின்னப் பெட்டியின் சிவப்பு விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன.

"நான் திருடன் இல்லை! ஸ்தோத்திரம்!" என்று கத்தியே விட்டேன். கோவிந்தன் பயந்துபோய் எழுந்து வந்தார்.

அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. அந்த மோடத்தை மாட்டினது யார்? நான். மறந்துபோகாமல் இருக்க, அதற்கும் விலைப்பட்டியலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தது யார்? நான். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள், அப்போது அது வேலை செய்யாது. மற்ற பகல் நேரத்தில், நான் முன்கூட்டியே சொல்லி ஃபேக்ஸை அணைக்கவைத்தால் ஒழிய, போன் வந்தால் அதுதான் முந்திக்கொண்டு எடுத்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும், ஆளில்லாதபோது பேப்பர் சிக்கிக்கொள்ளும் என்று ஃபேக்ஸை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் போவார்கள். இதெல்லாம் தெரிந்த யாரோ, நான் திறந்துவைத்த கதவு வழியாக நிதானமாக வந்துபோயிருக்கிறார்கள்.

மூன்று மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரம் என்னோடு நானே மல்லுக்கட்டினேன். ஆபீஸைத் திறந்ததும் உள்ளே போய் ஒரு வயரைப் பிடுங்கினால் போதும். வெள்ளிக்கிழமை விஷயத்தை மட்டும் சொல்லி, யாரோ வெளியாள் என்று முடித்துவிடலாம். மோடம் சமாச்சாரம் ஒருவருக்கும் தெரியாது. என் ஜெபத்துக்கு அது போதுமான பதில்தான். ஆனால் ரோஸ்லினின் ஜெபம் என்னை விடவில்லை. உண்மையைக் காட்டும் என்று அவள் கேட்டிருந்தாள். காட்டிவிட்டார். பார்க்காத மாதிரி நான் எப்படி எழுந்து போவது?

பாய் காரிலிருந்து இறங்கினார். தலையில் தொப்பி, அத்தர் வாசனை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"இன்னா தம்பி, வெயில்ல உக்காந்துகினு? சாப்ட்டியா?"

என் கண் நிறைந்துவிட்டது. "பாய், உங்க வெலைய நான் விக்கல. ஆனா கதவத் தொறந்து வெச்சது நான்தான்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார்.

"இது மனோகருக்குத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

"நீ சொல்லலன்னா?"

"யாருக்குமே தெரிஞ்சிருக்காது பாய்."

தாடியைத் தடவினார். பிறகு சிரித்தார். "பதினாலு வருசம் என் தோல்ல வட்டம் போட்டு என்ன எவ்ளோ பேஜார் பண்ண நீ! இன்னிக்கு உன் மேலயே போட்டுக்கினு வந்து நிக்கற. நஷ்டம் ஜாஸ்திதான், இல்லன்னு சொல்லல. ஆனா குறைய மறைக்கறவன் கிட்ட நான் சரக்கு குடுக்க மாட்டேன். உன்கிட்ட குடுப்பேன்." அங்கேயே மனோகர் சாருக்குப் போன் போட்டு, "என் ஆபீசுக்கு இந்தத் தம்பியத் தவிர வேற யாரையும் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மோடத்துக்குப் போன் போட்டது யார் என்பதும் பிறகு தெரிந்தது. முன்பு பாயின் ஆபீஸில் வேலை பார்த்து விலகியவர். நான் மோடம் மாட்டி பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர். பாய் அவரைக் கூப்பிட்டுத் தன் வழியில் பேசி முடித்தார். அவருக்காகவும் நாங்கள் ஜெபிக்கிறோம்.

மனோகர் சார் என்னை நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன், நியாயமான திட்டு. பிறகு, "நாம பார்த்துக்கிற ஆபீஸ் எல்லாத்துக்கும் போய், இப்படி எங்கெங்கே கதவு திறந்திருக்குன்னு பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார். வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று ஒவ்வொரு ஆபீஸாகப் போனேன். மேசைக்கு அடியில் குனிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறையைத் தேடுகிற வேலைதான் எனக்குப் பதினாலு வருடமாகத் தெரியுமே! கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்று இதற்கு ஒரு தனிப் படிப்பே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. படித்தேன். ரோஸ்லின் சமைத்துக்கொண்டே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் கரண்டி என் பக்கம் திரும்பும். 2006-இல் சென்னையில் ஒரு கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தேன். சனிக்கிழமை காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினால், இன்றும் பிளாட்பாரத்தில் அவள்தான் நிற்கிறாள்.

என் கை முழுசாக ஆறவில்லை. மார்கழி வந்தால் லேசாக வெடிக்கும், களிம்பு டப்பா வெளியே வரும். கையைக் கொடும் என்று ஆறு மாதம் அழுதேன். அவர் வேறு வேலையே கொடுத்தார். அந்தக் கோபமெல்லாம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

என்னை மாதிரி முட்டுச்சந்தில் நிற்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'நான் சரி என்று காட்டும்' என்கிற ஜெபத்தை ஒருநாள் நிறுத்திவிட்டு, என் மனைவி ஜெபித்த மாதிரி ஜெபித்துப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். ஆனால் நம்பிக் கேளுங்கள், அவர் காட்டுவார். காட்டுகிற இடம் நம்முடைய குறையாக இருந்தால், சாக்பீஸைப் பைக்குள் ஒளித்துக்கொள்ளாதீர்கள். நான் ஒளிக்கவில்லை, அதனால்தான் இன்றைக்கும் அன்வர் பாய் என்னைப் பார்த்தால் முதலில் சாப்ட்டியா என்று கேட்கிறார்.