பன்னிரண்டு வாசல்களுக்கும் விளக்கு

டென்மார்க்கில், விபோர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஹலோவீனுக்கு எங்கள் தளத்து நடைபாதையை அலங்கரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"பேய் வேணும், ஆனா ஒருத்தரும் பயப்பிடக் கூடாது," என்றார் பொறுப்பாளர். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மறதி நோய். டென்மார்க்காரருக்குப் பேயும் சுகமாக இருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், கொடுத்தவருக்கே வெறுத்துப்போகும் வரை செய்வேன். ஜன்னலில் செம்மஞ்சள் விளக்குச் சரம். மேசைகளில் கண்ணும் வாயும் வெட்டிய பூசணிகள், உள்ளே சின்ன பல்புகள். மூலையில் நின்ற விளக்கின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு ஒரு சாதுவான பேயாக்கினேன். அப்படியும் அறை வாசல்கள் வெறிச்சென்று கிடந்தன. கார்த்திகை விளக்கீடு அன்று நாங்கள் ஒரு வாசலையும் இருட்டில் விடுவதில்லை. பன்னிரண்டு கதவுகளுக்கும் முன்னால் ஒவ்வொரு பற்றரி மெழுகுதிரி வைத்தேன். உண்மையான சுடர் போலவே அது நடுங்கும். பின்னேரம் வெளியே இருண்டதும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நின்று பார்த்தேன். உச்சி குளிர்ந்துபோனது.

ஏழாம் அறை அம்மாவுக்குக் கோப்பி கொண்டுபோனேன். வழக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், அன்று சப்பாத்தோடு கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். கைகள் நெஞ்சில் கோத்திருந்தன. கண்கள் திறந்திருந்தன.

"எனக்கு இனிக் கோப்பி என்னத்துக்கு?" என்றார். அவர் பேசியது டேனிஷ். எனக்குள் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும். "நான் எப்ப செத்தனான்?"

கோப்பையை மேசையில் வைத்தேன்.

"வாசலில விளக்கு வைச்சிருக்கு. எட்டிப் பாத்தன், எல்லாற்ற வாசலிலையும் இருக்கு. எல்லாரும் ஒரே நாளிலயோ?" பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீயுமோ, பிள்ளை?"

ஓடிப்போய் அங்கே வெகுகாலம் வேலை செய்யும் தாதியைக் கூட்டிவந்தேன். நடைபாதையைக் கண்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்ச ஆராவது செத்தாத்தான் வாசலில மெழுகுதிரி வைக்கிறது. உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் சாகவில்லை. எனக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கை நூர்ப்பது எங்கள் பழக்கத்துக்கு ஆகாது. அன்று குனிந்து குனிந்து பதினொன்றை நூர்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலிருந்த ஆளியை அமத்தி அணைக்கும்போதும் கதவுக்கு அப்பால் இருமல் கேட்கிறதா, கதிரை அசைகிறதா என்று காது கொடுத்தேன். உள்ளே இருப்பவரையே நூர்த்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனேன். "இஞ்ச பாருங்கோ, பற்றரி. சும்மா அலங்காரம். நீங்கள் உயிரோடதான் இருக்கிறியள்."

அவர் நம்பவில்லை. கைபிடித்து எழுப்பி இருத்தி, கோப்பையைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனி போடேல்லை." கொஞ்சம் யோசித்தார். "செத்த ஆளுக்கு இப்பிடிக் கோப்பி குடுக்க மாட்டினம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. விளக்கை நூர்க்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார்.

"எரிய விடு. வடிவாயிருக்கு. நான் பயந்த அளவுக்குச் சாவு ஒண்டுமில்லை, பிள்ளை. அமைதியாத்தான் இருந்தது."

தை மாதம் அவர் இறந்த அன்று, வேலையில் நின்றது நான்தான். மெழுகுதிரியை வாசலில் வைத்து ஆளியைப் போட்டேன். முறைப்படி எல்லாம் செய்தேன். பின்னேரம் ஆனதும் என்னையறியாமல் கோப்பி ஊற்றி, சீனி போட்டு, அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். உள்ளேயிருந்து அவர், "நான் எப்ப செத்தனான்?" என்று மறுபடி கேட்டால், இந்த முறை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.