ஐந்தாவது நெடுவரிசையும் மோசஸ் அண்ணனின் காதும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் இறங்கும் அதிர்வு தரை வழியாக ஏறி நாற்காலிக்கு வரும், விரலுக்கு வரும். அந்த விரலால் ‘ஆர்’ என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. தொழிற்சாலையில் வருடா வருடம் காது பரிசோதனை முகாம் நடக்கும். முகாம்காரர்கள் அனுப்பும் அட்டவணையிலிருந்து, யாருக்குக் கேட்கும் திறன் எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்று எங்கள் குழுவின் பழைய புரோகிராம் எடுத்துக் கொடுக்கும். அளவு தாண்டினால் பிரஸ் மெஷின்கள் ஓடும் பிரஸ் ஷாப்பில் வேலை கிடையாது.

அந்த வருடம் மோசஸ் அண்ணன் தாண்டியிருந்தார். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் பிரஸ் ஆபரேட்டர். எச்.ஆர். மேனேஜர் அவரை எங்கள் அறைக்கே கூட்டி வந்துவிட்டார்.

“மோசஸ்! உங்க! இடது காது! போச்சு!”

“இன்னாத்துக்கு சார் கத்துறீங்க? நல்லாதான் கேட்டுக்கினு கீது.”

“ரிப்போர்ட்ல அம்பத்திநாலு டெசிபல் குறைஞ்சிருக்கே.”

“அம்பத்திநாலா? அது என் வயசு சார்!”

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மெஷின் சத்தம் மாறுனாலே டை அச்சு லூஸுன்னு கண்டுபுடிச்சுருவேன் மேடம். என்னைப் போய் அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்றாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டவணையைத் திறந்தேன். முகாம்காரர்கள் அந்த வருடம் புதிதாக ஐந்தாவது நெடுவரிசையில் வயதைச் சேர்த்திருந்தார்கள். இடது காது ஓரிடம் தள்ளிப் போயிருந்தது. எங்கள் புரோகிராமுக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஐந்தாவது நெடுவரிசையை எடு’ என்பது மட்டும். எடுத்தது. வயதானவர்கள் எல்லோரும் செவிடானார்கள், இளைஞர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். வயதானால் காது மங்கும்தானே என்று நாங்களும் நம்பிவிட்டோம். நம்பும்படியாக வரும் தவறை யார் சந்தேகப்படுவார்கள்?

அண்ணனின் உண்மையான அளவு எல்லைக்குள்தான் இருந்தது.

“சாரி மோசஸ்” என்றார் மேனேஜர், வாய்க்குள்.

“அதுவும் கேட்டுச்சு சார்.”

அன்றே புரோகிராமில் ஐந்து என்ற எண்ணை எடுத்துவிட்டு, ‘இடது_காது’ என்று பெயரைப் போட்டேன். எத்தனை இடம் தள்ளி உட்கார்ந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதுவே வரும். மறுவருடம் முகாம்காரர்கள் அந்த நெடுவரிசையின் தலைப்பையே மாற்றி அனுப்பினார்கள். புரோகிராம் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது.

“என்னம்மா, ரிப்போர்ட் எங்க?” மேனேஜர் படபடத்தார்.

“அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லைன்னு நின்னுடுச்சு சார். முகாம்காரங்ககிட்ட கேட்டுட்டுத் தர்றேன்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டு பதறுகிறார்கள். பதற வேண்டாம். அன்று ரிப்போர்ட் தாமதமானது. ஆனால் தவறான எண்ணை நம்பி யாரையும் மெஷினை விட்டு இறக்கவில்லை.